ரயிலை நகர்த்தினால் இறந்துவிடுவார்

இன்னைக்கு த்ரெட் ஒரு போலீஸ் சீரியல் எபிசோடைப் பத்தி. சர்க்கரை, பிரஷர் எல்லாம் அடுத்த வாரம் பாத்துக்கலாம். போலீஸ் சீரியலுக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுமையா வாங்க. நீளம் அதிகம்தான், டீ போட்டு வெச்சுக்கிட்டுப் படிங்க.

'ஹோமிசைட்: லைஃப் ஆன் த ஸ்ட்ரீட்'னு ஒரு அமெரிக்கத் தொடர். 1993 முதல் 1999 வரை என்.பி.சி. சேனலில் வந்தது. பால்டிமோர் நகரத்துக் கொலை வழக்குப் பிரிவு போலீஸ்காரர்களின் கதை. டேவிட் சைமன் என்ற பத்திரிகை நிருபர் அந்தப் பிரிவோடு ஒரு வருஷம் கூடவே சுற்றி எழுதிய புத்தகத்திலிருந்து பிறந்த தொடர். (பின்னாளில் 'தி வயர்' எடுத்தாரே, அவரேதான்.) அதில் ஃபிராங்க் பெம்பிள்டன் என்ற டிடெக்டிவாக நடித்தவர் ஆண்ட்ரே பிராவர். 'ப்ரூக்ளின் நைன்-நைன்' பாத்தவங்களுக்கு கேப்டன் ஹோல்ட்டுன்னு சொன்னா டக்குனு முகம் ஞாபகம் வரும். 2023 டிசம்பரில் இறந்துபோனார். வயசு 61. அவர் போன பிறகுதான் என்கிட்ட இருந்த பழைய டிவிடிகளை எடுத்துத் தூசி தட்டினேன்.

ஆறாவது சீசனில் 'சப்வே'ன்னு ஒரு எபிசோட். 1997 டிசம்பர் 5இல் ஒளிபரப்பானது. எழுதியவர் ஜேம்ஸ் யோஷிமுரா. பீபாடி விருது வாங்கிய எபிசோட். கதையைச் சொல்லித்தான் ஆகணும். 1997 எபிசோடுக்கு ஸ்பாய்லர்னு யாரும் சண்டைக்கு வராதீங்க.

ஜான் லாங் என்பவர் மெட்ரோ ரயிலுக்காகக் காத்திருக்கிறார். நெரிசலில் யாரோ இடித்தார்களா, தள்ளினார்களா தெரியவில்லை, ஓடும் ரயிலுக்கும் பிளாட்ஃபாரத்துக்கும் நடுவில் விழுந்து இடுப்போடு மாட்டிக்கொள்கிறார். ரயில் நின்றுவிடுகிறது. இடுப்புக்கு மேலே முழுசாக பிளாட்ஃபாரத்தில் இருக்கிறார். பேசுகிறார், கோபப்படுகிறார், வலிக்கிறது என்கிறார். இடுப்புக்குக் கீழே எல்லாம் முறுக்கி நசுங்கிவிட்டது. மீட்புக் குழு பெம்பிள்டனிடம் தனியாகச் சொல்கிறது: ரயிலை நகர்த்திய உடனே இறந்துவிடுவார். நகர்த்தாவிட்டாலும் ஒரு மணி நேரம் தாங்குவதே அதிகம்.

அப்புறம் எபிசோட் முழுக்க அந்த ஒரு மணி நேரம்தான். துப்பாக்கி கிடையாது, கார் துரத்தல் கிடையாது. பிளாட்ஃபாரத் தரையில் இரண்டு பேர். லாங்காக நடித்தவர் வின்சென்ட் டி'ஓனோஃப்ரியோ. அதே 1997இல் 'மென் இன் பிளாக்' படத்தில் பூச்சி புகுந்த மனுஷனா வந்தாரே, அவர்தான். இதில் இடுப்புக்கு மேலே உள்ள உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு நடித்திருப்பார்.

இதை சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு ஹாலில் ஏழு பேருக்குப் போட்டுக் காட்டினேன். நாலு ஹவுஸ் சர்ஜன் பசங்க, ஒரு ஸ்டாஃப் நர்ஸ், பக்கத்து வீட்டு ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் சார், என் அம்மா. பார்த்து முடித்ததும் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கருத்து. அந்தக் கருத்துகளுக்குப் பதில் சொல்லத்தான் இந்த த்ரெட்.

முதல் கேள்வி ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருத்தர்கிட்ட இருந்து. "சார், இப்படியெல்லாம் நடக்குமா? நசுங்கினவர் எப்படி ஒரு மணி நேரம் பேசுவார்? சினிமாத்தனமா இருக்கு."

நடக்கும். தோட்டத்துல தண்ணி பாயற ரப்பர் ட்யூப் கிழிஞ்சுபோச்சு, கிழிஞ்ச இடத்து மேலேயே ஒரு பெரிய கல் விழுந்து அமுக்கிக்கிட்டு இருக்குன்னு வெச்சுக்கோங்க. கல் இருக்கிற வரைக்கும் தண்ணி கொட்டாது. கல்லை எடுத்தீங்க, அவ்வளவுதான். லாங்கின் இடுப்பில் கிழிந்த ரத்தக்குழாய்களை அமுக்கி மூடி வைத்திருப்பது ரயில். மூளை, இதயம், நுரையீரல் மூன்றும் மேலே பத்திரமாக இருக்கின்றன, அவற்றுக்குப் போதுமான ரத்தமும் இருக்கிறது. அதனால் நினைவு தெளிவாக இருக்கும். எந்த ரயில் அவரைக் கொன்றதோ, அதே ரயில்தான் அந்த ஒரு மணி நேரத்தையும் கொடுக்கிறது.

(உடம்பில் குத்தின கத்தியைப் பிடுங்காதீங்கன்னு நாங்க கரடியா கத்துறதும் இதே காரணத்துக்குத்தான். கத்தியோடவே கூட்டிட்டு வாங்க. பிடுங்கற வேலையை நாங்க தியேட்டர்ல பாத்துக்கறோம்.)

இன்னொரு விஷயமும் உண்டு. நசுங்கிய தசை ரொம்ப நேரம் ரத்தமில்லாமல் கிடந்தால் அதிலிருந்து பொட்டாசியம், மயோகுளோபின் என்று பல நச்சுகள் கசியும். பாரத்தை எடுத்ததும் அவை மொத்தமாக ரத்தத்தில் கலக்கும். பொட்டாசியம் இதயத்தை நிறுத்தலாம், மயோகுளோபின் கிட்னியை அடைக்கலாம். இரண்டாம் உலகப்போரில் லண்டன் மேல் குண்டு விழுந்தபோது இடிபாடுகளில் பல மணி நேரம் சிக்கியவர்களை உயிரோடு மீட்டார்கள். நல்லா பேசிக்கிட்டு இருந்தவங்க, சிறுநீர் கறுத்து, கிட்னி செயலிழந்து, ஒரு வாரத்துக்குள் இறந்தார்கள். 1941இல் பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு டாக்டர்கள் அப்படி நாலு பேரைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அதைத்தான் இன்னைக்கு க்ரஷ் சிண்ட்ரோம்னு படிக்கிறோம்.

அதனால, சுவர் இடிஞ்சோ லாரி அடியிலோ ஒருத்தர் கை கால் ரொம்ப நேரம் நசுங்கி மாட்டியிருந்தா, 108 வந்து ட்ரிப் ஏத்தின பிறகு பாரத்தை எடுக்கறது நல்லது. ஆனா நெஞ்சோ கழுத்தோ அமுங்கி மூச்சு முட்டுதுன்னா யாருக்கும் காத்திருக்காதீங்க, உடனே எடுங்க. இந்த வித்தியாசம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

சினிமாத்தனம் இல்லவே இல்லையான்னா, இருக்கு. வயிறு வரைக்கும் நசுங்கினவருக்கு உதரவிதானம் சரியாக இறங்காது. இவ்வளவு நீளமான வாக்கியங்கள் பேச மூச்சு பத்தாது. தாகம் எடுக்கும், "தண்ணி தண்ணி"ன்னு கேட்பார், பிதற்றுவார், வேர்த்துக் கொட்டும். அந்த அளவு ஷாக்கை எபிசோடில் குறைத்துத்தான் காட்டியிருக்கிறார்கள். ஒரு மணி நேர நாடகத்துக்கு வசனம் வேணுமே. அதை நான் மன்னிச்சுட்டேன்.

அடுத்த ஹவுஸ் சர்ஜன், சர்ஜரி பைத்தியம். "சார், இடுப்போட வெட்டி எடுத்து மேல் பாதியைக் காப்பாத்தியிருக்கலாமே? ஹெமிகார்ப்பொரெக்டமின்னு ஒண்ணு இருக்கே?"

இருக்கு. 1960களின் தொடக்கத்திலிருந்து உலகத்தில் மிகச் சிலருக்குச் செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் புற்றுநோய்க்கோ ஆறாத படுக்கைப் புண்ணுக்கோ, பல நாள் திட்டம் போட்டு, தியேட்டரில், ரத்த பாட்டில்கள் அடுக்கி வைத்துக்கொண்டு செய்தது. ரயில்வே பிளாட்ஃபாரத்தில் மாட்டிக்கொண்டவருக்கு, எந்தக் குழாய் எங்கே கிழிந்திருக்கிறது என்றே தெரியாத நிலையில், அதைச் செய்ய முடியாது. தம்பிக்கு இந்தப் பதில் பிடிக்கல. அந்த வயசுல எனக்கும் பிடிச்சிருக்காது.

மூன்றாவது ஆள் ஜப்பான் வீடியோவைக் கொண்டு வந்தார். 2013 ஜூலையில் டோக்கியோவுக்குப் பக்கத்தில் மினாமி-உராவா ஸ்டேஷனில் ஒரு பெண் ரயிலுக்கும் பிளாட்ஃபாரத்துக்கும் நடுவில் இடுப்பு வரைக்கும் விழுந்துவிட்டார். நாற்பது பேர் சேர்ந்து 32 டன் ரயில் பெட்டியைத் தோள் கொடுத்துச் சாய்த்து வெளியே எடுத்தார்கள். அவருக்குப் பெரிய காயமே இல்லை. "அதே மாதிரி தள்ளியிருக்கலாமே?"

அந்தப் பெண் விழுந்தது நின்றுகொண்டிருந்த ரயிலின் இடைவெளியில். மாட்டினார், அவ்வளவுதான். லாங் விழுந்தது ஓடும் ரயிலில். ரயில் அவர் உடம்பை முறுக்கிவிட்டுத்தான் நின்றது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே காட்சிதான். ஒருத்தருக்கு ரயிலைத் தள்ளினா வாழ்வு, இன்னொருத்தருக்கு அதே ரயிலைத் தள்ளினா சாவு. எபிசோடிலும் கடைசியில் காற்றுப் பைகளை வைத்து ரயிலை விலக்குகிறார்கள். அதற்குச் சற்று முன்பே லாங் நினைவிழக்கிறார். விலக்கியதும் இறந்துபோகிறார்.

இதுவரைக்கும் வந்தது டாக்டர் பசங்க கேள்விகள். எல்லாம் உடம்பைப் பற்றி. அம்மா அதுவரைக்கும் பேசல. ஆங்கிலம் அவங்களுக்குப் பாதிதான் புரியும், ஆனா கதை முழுசும் புரிஞ்சிடுச்சு. காப்பி டம்ளரைக் கீழே வெச்சுட்டுக் கேட்டாங்க.

"அந்தப் புள்ளைகிட்ட ஏன்டா சொல்லணும்? பேசாம தூக்க ஊசி போட்டு, 'ஒண்ணுமில்லப்பா, எடுத்துடுவோம்'னு சொல்லி அனுப்பியிருக்கலாம்ல? நிம்மதியாவாவது போயிருப்பான்."

ஹாலில் பாதிப் பேர் தலையாட்டினாங்க. இந்தக் கருத்துதான் நம்ம ஊர்ல மெஜாரிட்டி. ஐ.சி.யூ. வாசலில் தினமும் கேட்கிற வாக்கியமும் இதுதான்: "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர். தாங்க மாட்டார்."

அப்போ இன்ஸ்பெக்டர் சார் குறுக்கே வந்தார். முப்பது வருஷம் யூனிஃபார்ம் போட்டவர். அவருடைய பிரச்சினை வேறு. "அதெல்லாம் இருக்கட்டும் டாக்டர். அந்த ஆள் உயிரோட இருக்கும்போதே ஹோமிசைட்காரன் வந்துட்டான். தள்ளிவிட்டானா, தானா விழுந்தானான்னு தெரியல. அப்போ முதல் வேலை என்ன? மரண வாக்குமூலம். நம்ம ஊரா இருந்தா மேஜிஸ்ட்ரேட்டுக்கு ஆள் அனுப்பியிருப்போம்."

சார் விளையாட்டாகச் சொன்னாலும், எபிசோடின் முடிச்சு அங்கேதான் இருக்குன்னு எனக்குத் தோணுது. அம்மாவின் கேள்வியும் சாரின் கேள்வியும் ஒரே கேள்விதான். எப்படின்னு சொல்றேன்.

மரண வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏன் நம்புகிறது? சொன்னவர் உயிரோடு இல்லை, குறுக்கு விசாரணை செய்ய முடியாது. ஆனாலும் ஏற்கிறார்கள். சாகப்போகிற மனிதன் பொய் சொல்ல மாட்டான் என்பது பழைய ஆங்கிலேயச் சட்டத்தின் நம்பிக்கை. அமெரிக்காவில் இன்னமும் அதன்படிதான். பால்டிமோர் இருக்கிற மேரிலாந்திலும், சொன்னவர் தனக்கு மரணம் நெருங்கிவிட்டது என்று நம்பிய நிலையில் சொல்லியிருந்தால்தான் அது மரண வாக்குமூலம். "ஒண்ணுமில்லப்பா, பொழச்சுக்குவே"ன்னு அவரை நம்ப வைத்துவிட்டால், "அந்த ஆள்தான் என்னைத் தள்ளினான்" என்று அவர் சொன்னதை அந்த விதியின் கீழ் கொண்டுவர முடியாது. லாங்குக்கு உண்மை தெரிவதும் தெரியாததும் அங்கே சட்டப் பிரச்சினையும்கூட.

நம்ம சட்டம் வேற மாதிரி. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 26ஆவது பிரிவு. சொன்னவருக்கு மரண பயம் இருந்ததா இல்லையா என்பது இங்கே பொருட்டில்லை. அவருடைய மரணத்துக்கான காரணத்தைப் பற்றி அவர் சொன்னது, பிறகு அவர் இறந்துவிட்டார், அது போதும். டாக்டர் அவர் தெளிவான நினைவோடு இருக்கிறார் என்று எழுதிக் கொடுப்பார். 2002இல் லக்ஷ்மண் எதிர் மகாராஷ்டிரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, டாக்டர் சான்றிதழ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வாக்குமூலத்தைத் தள்ள வேண்டியதில்லை, பதிவு செய்தவருக்குத் திருப்தி இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட்டது.

அதாவது, அமெரிக்கச் சட்டத்துக்கு சாகப்போகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நம்ம சட்டத்துக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 1872இல் எழுதியவர்கள் நம்ம குடும்பங்களை மனசில் வைத்து எழுதவில்லைதான். ஆனாலும் எவ்வளவு கச்சிதமா பொருந்துது பாருங்க.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு அரசு மருத்துவமனை தீக்காயப் பிரிவில் டியூட்டி. லாங் மாதிரி ஒரு நோயாளியை நான் பார்த்தது ரயில்வே பிளாட்ஃபாரத்தில் இல்லை, அங்கேதான். உடம்பில் 80 சதவீதம் எரிந்தவர் முதல் நாள் நல்லா பேசுவார். ஆழமாக எரிந்த இடத்தில் நரம்பும் எரிந்துபோவதால் அங்கே வலிகூட குறைவாக இருக்கும். பெயர், ஊர், தேதி எல்லாம் சரியாகச் சொல்வார். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் "நல்லாத்தான் பேசுறா, பொழச்சுக்குவா" என்பார்கள். உள்ளே இருக்கிற எங்களுக்குத் தெரியும், இன்னும் சில நாள்தான் என்று.

ஒரு பெண். இருபத்தஞ்சு வயசு இருக்கும். ஸ்டவ் வெடிச்சதுன்னு வெளியே சொன்னாங்க. மேஜிஸ்ட்ரேட் வந்தார், எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு வாக்குமூலம் வாங்கினார், போனார். அது என்ன சொன்னதுன்னு இங்க எழுத மாட்டேன். அவர் போன பிறகு அந்தப் பெண் பக்கத்தில் நின்ற சிஸ்டரிடம் கேட்டது மட்டும் எழுதறேன்.

"மேஜிஸ்ட்ரேட் வந்து எழுதிக்கிட்டுப் போனா, அவங்க பொழைக்க மாட்டாங்கதானேக்கா?"

காலையிலிருந்து அந்தப் பெண்ணிடம் குறைந்தது பத்து பேர் "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லியிருப்பார்கள். ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் கையில் பேப்பரோடு வந்து போனதும் அத்தனையும் காலி. தெரிஞ்சுபோச்சு. நோயாளிக்குத் தெரியாதுன்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோமே, அதுதான் பெரிய காமெடி. டாக்டர் முகம், ரவுண்ட்ஸ் வரும்போது சத்தம் குறையறது, திடீர்னு ஊரிலிருந்து வந்து நிக்கிற பெரியப்பா, "என்ன வேணும்னாலும் சாப்பிடு"ன்னு கட்டுப்பாடு தளர்றது. இதெல்லாம் படிக்கத் தெரியாத நோயாளி கிடையாது. பிளாட்ஃபாரத்தில் மாட்டினவர் பக்கத்தில் கொலைப் பிரிவு போலீஸ்காரர் வந்து நின்னா, அதுக்கு மேல என்ன அறிவிப்பு வேணும்?

அந்த சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. "கஷ்டம்தான் கண்ணு. நான் இங்கதான் இருக்கேன். நைட் டியூட்டி எனக்கு."

அழுகை ஒண்ணும் வரல. கொஞ்ச நேரம் கழிச்சு அந்தப் பெண் சொன்னது: பையனுக்கு மூணு வயசு. அவன் என் அம்மாகிட்ட வளரணும். என் வளையல் ரெண்டு அடகுக் கடையில இருக்கு, சீட்டு அரிசி டின்னுக்குள்ள. அண்ணன்கிட்ட சொல்லுங்க.

சிஸ்டர் அண்ணனை உள்ளே கூப்பிட்டாங்க. அந்தப் பெண்ணே அவரிடம் சொன்னது. அரைமணி நேரம் இருந்திருக்கும். அடுத்த நாள் பேச்சு குழறிடுச்சு, மூணாம் நாள் இறந்துடுச்சு.

"ஒண்ணும் ஆகாதும்மா"ன்னே கடைசி வரை எல்லாரும் சொல்லியிருந்தா அந்த அரைமணி நேரம் கிடைச்சிருக்காது. பையன் யாரிடம் வளர்வான் என்பதை வேற யாரோ முடிவு பண்ணியிருப்பாங்க.

எபிசோடில் லாங்குக்கும் ஒரு அரிசி டின் இருக்கிறது. அவருடைய காதலி. அந்த நேரத்தில் எங்கோ ஜாகிங் போய்க்கொண்டிருக்கிறாள், எல்லார் கையிலும் செல்போன் இல்லாத காலம். இரண்டு டிடெக்டிவ்கள் அவளைத் தேடித் தெருத் தெருவாக அலைகிறார்கள். தான் சாகிறோம் என்று தெரிந்தவனுக்குத்தான் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். தெரியாதவன் ஆம்புலன்ஸ் எப்போ வரும்னுதான் கேட்பான்.

அம்மாவுக்கு இதை அன்னைக்கே சொன்னேன். முழுசா ஒத்துக்கல. "அது அமெரிக்கா. நம்ம ஆளுங்களுக்கு மனசு தாங்காது"ன்னாங்க.

அமெரிக்கா எப்பவும் இப்படி இருந்ததில்லை. 1961இல் ஓகன் என்ற டாக்டர் சிகாகோவில் ஒரு மருத்துவமனையின் 219 டாக்டர்களிடம் கேட்டார்: புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்வீர்களா? 90 சதவீதம் பேர் சொல்ல மாட்டோம் என்ற பக்கம்தான். அவங்களும் "நோயாளி தாங்க மாட்டார்"னுதான் சொன்னாங்க, நம்ம பெரியப்பா மாதிரியே. 1979இல் நோவாக் என்பவரின் குழு ரோச்செஸ்டரில் 264 டாக்டர்களிடம் கிட்டத்தட்ட அதே கேள்வியைக் கேட்டபோது, 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டே வருஷம். அதுக்குள்ள அமெரிக்கர்களின் மனசு இரும்பாகிவிடவில்லை. டாக்டர்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். அதனால 'கலாச்சாரம்'ங்கற வார்த்தையை என்கிட்ட கொஞ்சம் யோசிச்சுப் பயன்படுத்துங்க.

அதுக்காக எல்லா நோயாளிகிட்டயும் போய் ரிப்போர்ட்டைப் படிச்சுக் காட்டுங்கன்னு சொல்லல. "எனக்கு எதுவும் சொல்ல வேணாம், என் பையன்கிட்ட பேசிக்கோங்க"ன்னு சொல்ற பெரியவங்க நிறைய பேர். அது அவங்க உரிமை. நான் வழக்கமா முதலிலேயே கேட்டுடுவேன்: "உங்க உடம்பு பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?" குடும்பத்துக்கு நான் கொடுக்கிற வாக்கு இதுதான்: நானா போய்ச் சொல்ல மாட்டேன். அவரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன். இதுக்கு ஒத்துக்காத குடும்பங்களும் உண்டு. சிலர் டாக்டரை மாத்திட்டுப் போயிருக்காங்க.

அம்மா சொன்ன தூக்க ஊசி? வலிக்கு மருந்து கட்டாயம் கொடுக்கணும். அதில் பேச்சே இல்லை. ஷாக்கில் இருப்பவருக்கு மார்ஃபின் ரத்த அழுத்தத்தை இன்னும் இறக்கலாம், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, பார்த்துப் பார்த்து. இப்போதெல்லாம் விபத்தில் சிக்கியவர்களுக்கு கெட்டமின் அதிகம் பயன்படுகிறது. வேற வழியே இல்லாத கடைசி நேரத் துன்பத்துக்கு ஆழ்ந்து தூங்க வைப்பதும் உண்டு. ஆனா அது நோயாளி கேட்டோ, அவருக்காகவோ செய்யறது. பக்கத்துல நிக்கிற நமக்குப் பதில் சொல்லத் தெரியலங்கறதுக்காக அவரைத் தூங்க வைக்கக் கூடாது.

நர்ஸ் பொண்ணு ஒரே ஒரு கருத்துதான் சொன்னா. "அந்த போலீஸ்காரர் முதல்ல நின்னுக்கிட்டுப் பேசறார். அப்புறம் கீழ எறங்கிட்டார் பாத்தீங்களா சார்?"

ஹவுஸ் சர்ஜன் பசங்க யாரும் அதைப் பாக்கல. பெம்பிள்டன் இனிமையான ஆள் கிடையாது. அவசரக்காரர், திமிர் பிடிச்சவர், நோயாளியிடம் பேசப் பயிற்சி எடுத்தவரும் இல்லை. அவருடைய வேலையே மனுஷன் செத்த பிறகுதான் ஆரம்பிக்கும். அப்படிப்பட்டவரை எழுதியவர் உயிரோடு இருக்கிற ஒருத்தர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். லாங் திட்டுகிறார், கத்துகிறார், இவரும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனா எழுந்து போகவில்லை. எங்க படிப்புல இப்போ 'ஸ்பைக்ஸ்'னு ஆறு படி முறை சொல்லித் தர்றாங்க, கெட்ட செய்தியை எப்படிச் சொல்வதுன்னு. 2000இல் வந்தது. அதன் முதல் படி இடத்தைச் சரி செய்வது, உட்காருவது. ஸ்டூலை இழுத்துப் போட்ட அந்த சிஸ்டருக்கு ஸ்பைக்ஸ்னா என்னன்னே தெரியாது.

இன்ஸ்பெக்டர் சாருக்குக் கடைசி வரை ஒரு குறை. தள்ளினவன் கதையை ரொம்ப சீக்கிரம் முடிச்சுட்டாங்களாம். அந்த ஆள் முன்பே சிகாகோவில் இதே மாதிரி ஒரு சம்பவத்தில் இருந்தவன் என்று தெரியவருகிறது, அதோடு சரி. "போலீஸ் சீரியல்னு பேரு, இன்வெஸ்டிகேஷன் எங்கே?" ஒரு போலீஸ்காரர் பார்வையில் நியாயமான குறைதான். நான் வாதாடல.

கடைசிக் காட்சியைப் பத்தி எல்லாருக்கும் ஒரே கருத்து, ஒரே கோபம். காதலி கிடைக்கவே இல்லை. எல்லாம் முடிந்து வண்டிகள் நிற்கிற இடத்தைத் தாண்டி அவள் ஓடிப் போகிறாள், உள்ளே யார் கிடந்தார்கள் என்று தெரியாமலே. "கொஞ்ச நேரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா"ன்னு அம்மா டிவியைப் பாத்துத் திட்டினாங்க. ஒரு ஹவுஸ் சர்ஜன் எழுந்து பால்கனிக்குப் போய்ட்டார். நானும் ஒண்ணும் சொல்லல.

பாக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு: குழந்தைகளோட பாக்காதீங்க. ரயில் விபத்தில் வீட்டு ஆளை இழந்தவங்க பாக்கவே வேணாம். மத்தவங்க ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி போடாதீங்க, பகல்ல பாருங்க. பாத்துட்டு உங்க கருத்தையும் சொல்லுங்க. அம்மா கட்சியா, என் கட்சியான்னு தெரிஞ்சுக்கணும். அவங்க இன்னும் மாறல.